கல்லணையில் கேட்டது கடைமடைக்குப் பொருந்துமா?

பத்தாம் வகுப்பில் புள்ளியியல் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு. தேற்றம் எழுத வேண்டாம், நிரூபணம் நெட்டுரு போட வேண்டாம். அட்டவணை போட்டு, கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் வந்துவிடும். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்தால் முழு மதிப்பெண். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பற்றி, எவ்வளவு தூரம் பேசலாம் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. கேட்காமலேயே கல்லூரிக்குப் போகிறோம், வேலைக்குப் போகிறோம், தேர்தல் நேரத்தில் கருத்துக்கணிப்பை வைத்துக்கொண்டு டீக்கடையில் சண்டையும் போடுகிறோம்.

ஒரு செயல்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காகப் புனைந்தவை. திருவாரூர் பக்கம் ஓர் ஊராட்சி. மூன்று கிராமங்களுக்கும் ஒரே வாய்க்கால்தான் பாசனம்; ஒன்று தண்ணீர் முதலில் எட்டும் தலைமடையில், ஒன்று நடுவில், ஒன்று கடைசியில் எட்டும் கடைமடையில். பயிர் செய்யும் வீடுகள் மொத்தம் 500. ஆடிக் கடைசியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 60 வீடுகளுக்குப் போய், "சம்பாவுக்கு நாற்று விட்டு நடப்போறீங்களா, நேரடி விதைப்பா?" என்று கேட்கிறார்கள். 32 வீடுகளில் நேரடி விதைப்பு என்று பதில் வருகிறது. 32-ஐ 60-ஆல் வகுத்தால் 53 சதவீதம். வட்ட விளக்கப்படம் வரைந்து, வண்ணம் தீட்டி, சார்ட்டின் அடியில் முடிவு எழுதுகிறார்கள்:

"காவிரி டெல்டா விவசாயிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். தண்ணீர் தாமதமாக வருவதே காரணம்."

வகுத்தலில் பிழை இல்லை. படமும் அழகாக இருக்கிறது. ஆனால் டெல்டா, பாதிக்கும் மேல், மாறியது, காரணம் என்று அந்த முடிவு சொல்லும் நான்குமே அந்த 60 பதில்களில் கிடையாது.

குடத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

நாம் யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அந்த மொத்தக் கூட்டத்துக்கு முழுமைத்தொகுதி என்று பெயர். அதிலிருந்து எடுத்துப் பார்ப்பது கூறு. பாடப்புத்தகம் இரண்டையும் விளக்கிவிட்டுக் கடந்துபோகும். இவற்றுக்கு இடையில் இருக்கும் நிபந்தனைதான் விஷயமே. கூறு எந்தத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டதோ, முடிவும் அந்தத் தொகுதியின் எல்லையில் நின்றுவிட வேண்டும். நம் கேள்வி போய்ச் சேர வாய்ப்பே இல்லாத வீட்டைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சரிதான். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு, நடுவில் கரண்டி போட்டுக் கிளறியும் ஆயிற்று. டெல்டா அப்படிக் கிளறிவிட்ட பானை அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களோடு திருச்சி, கடலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் சேர்ந்ததைத்தான் டெல்டா என்கிறோம். கும்பகோணம், பாபநாசம் பக்கம் பம்புசெட் உள்ளவர், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே குறுவைக்கு நாற்றங்கால் போட்டுவிடுவார். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. ஆற்றுத் தண்ணீரையும் வானத்தையும் விட்டால் வேறு வழியில்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்குப் பாசனமே 1934-ல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் வழியாகத்தான் போகிறது. அங்கே மண்ணும் வேறு, தண்ணீர் முறையும் வேறு. ஓர் ஊராட்சியின் 60 வீடுகளை வைத்து இவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல முடியாது. மாணவர்களின் முதல் திருத்தம் எளிது. 'காவிரி டெல்டா'வை அடித்துவிட்டு ஊராட்சியின் பெயரை எழுத வேண்டும். வருத்தமாகத்தான் இருக்கும், சார்ட்டுக்கு டெல்டா என்றால் ஒரு கம்பீரம் வருகிறது.

ஊராட்சிக்குள் வந்த பிறகும் சிக்கல் தீராது. விவசாயி என்று யாரைச் சொல்கிறோம்? பட்டாப் பதிவேட்டிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வருவார். அவர் சென்னையில் குடியிருக்கலாம். காலமாகி, பட்டா பெயர் மாறாமலும் கிடக்கலாம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகை இன்றும் இருக்கிறது. அப்படி உழுகிறவர் பட்டாப் பதிவேட்டில் இல்லை. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்தால் இன்னொரு விதமான கூட்டம் கிடைக்கும். பட்டியலே எடுக்காமல் பிள்ளைகள் பள்ளி விட்டுப் போகும் வழியில் தெரிந்தவர்களைக் கேட்டிருந்தால், சாலையோரத்து வீடுகளும் சொந்தக்காரர்களும்தான் அகப்படுவார்கள். 'கண்ணில் பட்டவரைக் கேட்டோம், ஒரு சார்பும் இல்லை' என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கண்ணில் படுவதே ஒரு சார்புதான்.

சமவாய்ப்பு என்று புள்ளியியல் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவதை அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட இவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டால்கூடப் போதும். இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பலர் பெருமையோடு எடுப்பார்கள். எடுக்கட்டும், ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் குடவோலை முறையில் ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். கை சாயாத தேர்வுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் குடத்துக்குள் பெயர் போவதற்கு, கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு, 20 மா ஒரு வேலி) வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். குலுக்கல் நேர்மையானதுதான். அந்தக் குடத்திலிருந்து வந்த பெயர்களை வைத்து ஊரில் உள்ள எல்லோரையும் பற்றிப் பேச முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

பட்டியல் சரியாக இருந்து, குலுக்கலும் சரியாக நடந்த பிறகு இன்னொன்று குறுக்கே வரும். பூட்டிய வீடு. பகல் பதினொரு மணிக்குப் போனால் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், வயதானவர்கள் இருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதி. அப்படிச் செய்தால் வேலைக்குப் போகிறவர்களை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் நாடெங்கும் சோதிக்கும் 'ஏசர்' ஆய்வு இதற்காகவே பள்ளிக்கூடத்தில் சோதிக்காமல் வீட்டுக்குப் போகிறது. பள்ளியில் சோதித்தால் அன்று வராத பிள்ளையும், படிப்பை நிறுத்திய பிள்ளையும் விட்டுப்போகும். மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்பது அதன் அளவு. மாவட்டத்துக்கு 600 வீடுதானா என்று குறைவாக நினைக்க வேண்டாம். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஒருவரையும் விடாமல் எண்ணினால் இந்தத் தொல்லை இருக்காதே என்று தோன்றலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,035 பெண்கள். தமிழ்நாட்டின் விகிதம் 996. 'தஞ்சையில் பெண் சிசுவுக்கு ஒரு குறையும் இல்லை' என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அவசரப்பட்டுவிட்டார். வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன ஆண்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை. பிறப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். அது வேறு எண். முழுக் கணக்கெடுப்பிலும், எண்ணிய அன்று யார் ஊரில் இருந்தார்கள் என்ற கேள்வி விடாது.

53 எப்படி 36 ஆனது

மாணவர்கள் 60 வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, கிராமத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு 20 வீடு என்று அனுப்பினார். ஒவ்வொரு கிராமத்திலும் சீட்டுக் குலுக்கித்தான் வீடுகளை எடுத்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது, மூன்று ஊருக்கும் சமமான இடம்.

ஆனால் ஊர்கள் சமமானவை அல்ல. தலைமடைக் கிராமத்தில் 300 வீடு, நடுவில் 150, கடைமடையில் 50. தலைமடையில் 20 பேரில் 4 பேர்தான் நேரடி விதைப்பு என்றார்கள். அங்கே பம்புசெட் இருக்கிறது, நடவு நடக்கிறது. நடுவில் 10 பேர். கடைமடையில் 18 பேர். மொத்தம் 32. தலைமடையில் ஒரு வீடு கூறில் வர 15-ல் 1 வாய்ப்பு. கடைமடையில் 5-ல் 2, அதாவது ஆறு மடங்கு. சிறிய ஊரின் குரல் ஆறு மடங்கு உரக்கக் கேட்டிருக்கிறது.

சரிசெய்வதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். தலைமடையில் கேட்ட ஒவ்வொரு வீடும் 15 வீடுகளுக்காகப் பேசுகிறது. எனவே 4 என்பது 60 வீடு. நடுவில் ஒவ்வொன்றும் ஏழரை வீட்டுக்கு. 10 என்பது 75. கடைமடையில் இரண்டரை வீட்டுக்கு. 18 என்பது 45. மூன்றையும் கூட்டினால் 180. மொத்தம் 500 வீட்டில் 180 என்றால் 36 சதவீதம். பாதிக்கும் மேல் என்று எழுதியது மூன்றில் ஒன்றை ஒட்டி இறங்கிவிட்டது. ஒரு பதிலும் மாறவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை.

தொகுதியை இப்படித் தலைமடை, நடு, கடைமடை என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் கூறு எடுப்பது தவறே அல்ல. பிரிவு பார்க்காமல் மொத்தமாகக் குலுக்கியிருந்தால் கடைமடையிலிருந்து சராசரியாக ஆறு வீடுதான் வந்திருக்கும். பிரித்து எடுத்துவிட்டு, பிறகு பிரிக்காதது போலக் கூட்டியதுதான் தவறு. நாளிதழில் மாவட்டவாரியாகச் சம எண்ணிக்கையில் கேட்டோம் என்று வரும் கருத்துக்கணிப்புகளைப் பார்க்கும்போதும் இந்தச் சந்தேகம் எழட்டும்.

சரி, 36 என்பதாவது உறுதியா? வேறு 60 சீட்டு வந்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். இந்த ஆட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 1-ஐக் கூறின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 பேர் என்றால் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி மேலும் கீழும். 400 பேர் என்றால் 5. 1,000 பேர் என்றால் 3. நம் 60-க்கு 13. இந்த ஊராட்சி சின்னது, அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைக் கேட்டுவிட்டோம் என்பதால் கொஞ்சம் குறைத்து 12 என்று வைக்கலாம். ஆக, உண்மை 24-க்கும் 48-க்கும் இடையில் எங்கோ இருக்கக்கூடும். இந்தக் கைக்கணக்கு சமவாய்ப்பாக எடுத்த கூறுக்கு மட்டுமே செல்லும். கண்ணில் பட்ட 1,000 பேரைக் கேட்டுவிட்டு 'பிழை 3 சதவீதம்' என்று போடுவது வெறும் அலங்காரம்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். தொகுதி பெரிதாக இருப்பதால் கூறும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு வட்டாரத்துக்குப் போதுமான 400 வீடு, ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் மாவட்டத்துக்கும் போதும்.

சராசரி பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். பத்து வீட்டுக்காரர்களின் நிலம் 2, 2, 3, 3, 3, 4, 5, 6, 12, 60 மா என்றால் கூட்டுச் சராசரி 10 மா, அதாவது அரை வேலி. பத்தில் எட்டுப் பேருக்கு அவ்வளவு நிலம் கிடையாது. வரிசையில் நடுவில் வரும் இடைநிலை அளவு மூன்றரை மா. 'இவ்வூர் விவசாயிக்குச் சராசரியாக அரை வேலி நிலம்' என்ற வாக்கியம் கணக்கில் சரி, ஊரைப் பற்றிய செய்தியாகத் தவறு. மூன்று வேலிக்காரர் ஒருவர் இருந்தால் போதும்.

அறுவடை வயலில் நடந்த சண்டை

கூறெடுப்பு டெல்டாவுக்குப் புதிதல்ல. நெல் மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலு நெல்மணி எடுத்துப் பார்ப்பதும் கூறுதான். மேல் மூட்டையில் மட்டும் குத்தினால் அடி மூட்டையின் ஈரம் தெரியாது என்பது நேரடிக் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்த எல்லோருக்கும் தெரியும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்றால் நெல் திரும்பிவிடும். மழைக் காலத்தில் அரசு தளர்வு வாங்கித் தந்தால் உண்டு.

ஆனால் விளைச்சலையே கூறெடுத்து அளப்பது பெரிய வேலை. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். எந்தப் புல எண், அதில் எந்த வயல் என்பதை சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்யும். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று மறுபடியும் சமவாய்ப்பு எண்ணின்படி நடந்து, முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுக்கிறார்கள். 25 சதுர மீட்டரில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் எக்டருக்கு விளைச்சல். அலுவலருக்குப் பிடித்த இடத்தில் அறுக்க இடமில்லை. நன்றாகக் கதிர் சாய்ந்த பக்கம் கால் தானாகப் போகும் என்பதால்தான் இவ்வளவு ஏற்பாடு.

அது ஏன் 5-க்கு 5? ஒரு மீட்டர் சதுரம் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே, ஒரே நாளில் பல வயலைப் பார்த்துவிடலாமே? 1940-களில் இந்தியப் புள்ளியியலின் இரண்டு பெரிய தலைகள் இதில்தான் மோதிக்கொண்டன. கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், சிறிய துண்டுகளை நிறைய இடங்களில் அறுப்பது மேல் என்றார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த பி. வி. சுகாத்மே, சிறு துண்டுகள் விளைச்சலை உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகின்றன என்று சோதனைகளோடு மறுத்தார். காரணம் எல்லைக் கோடு. கயிற்றின் மேல் நிற்கும் நெற்குத்து உள்ளேயா வெளியேயா என்று வந்தால் அறுப்பவர் கை பெரும்பாலும் அதை உள்ளே சேர்த்துக்கொள்கிறது.

இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் தாராளமாக அறுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் சதுரம் 5.1 ஆகிறது; பரப்பு 26.01, அதாவது 4 சதவீதம் கூடுதல். 1 மீட்டர் சதுரம் 1.1 ஆகிறது, பரப்பு 1.21. 21 சதவீதம் கூடுதல்! கை செய்த தவறு ஒன்றுதான். சிறு துண்டில் அது எக்கச்சக்கமாகப் பெருகிவிடுகிறது. இப்படி ஆயிரம் வயலில் அறுத்தாலும் 21 சதவீதம் குறையாது, ஆயிரம் முறையும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. சமவாய்ப்பால் வரும் ஆட்டம் எண்ணிக்கை கூடினால் அடங்கும். சாய்வு அடங்காது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்கே ஒரு பத்திரிகை ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்ததை எண்ணி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பத்திரிகை வாசகரும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களும் நிறைந்த பட்டியல், அதிலும் பதில் போட ஆர்வம் இருந்தவர்கள் மட்டும். இருபது லட்சமும் வீண்.

பயிர்க் காப்பீடு வந்த பிறகு இந்த 25 சதுர மீட்டருக்கு ஊரில் மரியாதை கூடிவிட்டது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கிராமத்தை அலகாகக் கொண்டால் முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனை என்பது விதி. அந்தச் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஊருக்கு இழப்பீடு. "என் வயல் முழுகிப்போச்சு, மேட்டு வயலை அறுத்துப் பார்த்துட்டு விளைச்சல் இருக்குன்னா என்ன நியாயம்?" என்ற கேள்வியை ஒவ்வொரு தை மாதமும் கேட்கலாம். மேட்டு வயல் வந்தது சூழ்ச்சி என்று சொல்ல முடியாது, குலுக்கலில் வந்திருக்கலாம். ஆனால் அந்த நான்கு வயல் ஊரின் சராசரியைப் பற்றி மட்டுமே பேச முடியும், தனி ஒரு வயலைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அந்த விவசாயியின் கோபம் உண்மையில் இதன் மேல்தான். ஊரின் சராசரியைக்கூட நான்கு வயல் எவ்வளவு உறுதியாகச் சொல்லும்? பத்தாம் வகுப்பில் எதற்கென்று தெரியாமல் கண்டுபிடித்த திட்டவிலக்கத்துக்கு இங்கேதான் வேலை. அதைக் கூறின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் ஆட்டம் கிடைக்கும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆகவே வயலுக்கு வயல் உள்ள ஏற்ற இறக்கத்தில் பாதி, ஊர்ச் சராசரியிலும் தங்கிவிடுகிறது. மேடும் பள்ளமுமான ஊரில் அது சிறிய அளவல்ல.

மாறியதும் காரணமும்

மாணவர்களின் முடிவில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. 'மாறிவிட்டார்கள்' என்பதற்கு இரண்டு கணக்கெடுப்பு வேண்டும், கையில் இருப்பது ஒன்று. போன வருடம் என்ன செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. செய்யப்போவதைத்தான் கேட்டார்கள், ஆடியில் சொன்னவர் ஆவணியில் மனம் மாறலாம், மழை மாற்றிவிடலாம். ஒரு வருடத்தை வைத்துப் போக்கு என்று சொல்வது டெல்டாவில் ரொம்பவே ஆபத்து. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2019-ல் ஆகஸ்ட் 13-ல் திறந்தார்கள், 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். இந்த இரண்டு வருடத்தில் எந்த வருடம் கேட்டீர்களோ அந்த வருடத்தின் பதில்தான் கிடைக்கும்.

காரணத்துக்கு வருவோம். "தண்ணி லேட்டா வர்றதாலதானே நேரடி விதைப்பு?" என்று மாணவர் கேட்டிருந்தால், "ஆமாம் தம்பி" என்று பெரியவர் சொல்லிவிடுவார். கேள்வியிலேயே விடை இருக்கிறது. நடவுக்கு ஆள் கிடைக்காதது, கூலி, செலவு என்று அவர் மனதில் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது பிள்ளைகளுக்குக் கடினமான பயிற்சி; பெரியவர்களுக்கும்தான்.

கேள்வி நன்றாக இருந்தாலும் கணக்கெடுப்பு காரணத்தை எளிதில் காட்டாது. அறுவடைக்குப் பின் மாணவர்கள் மறுபடி போய், நேரடி விதைப்பு வயல்களில் ஏக்கருக்கு மூட்டை குறைவு என்று கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். நேரடி விதைப்பால் விளைச்சல் குறைகிறது என்று எழுதலாமா? நேரடி விதைப்பு அதிகம் நடப்பது கடைமடையில். கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருகிறது, வடிகால் சரியில்லை, மழை வந்தால் தேங்குகிறது. மூட்டை குறைந்தது விதைத்த முறையாலா, இடத்தாலா? ஒரே வாய்க்கால், ஒரே ரகம், பக்கத்துப் பக்கத்து வயல் என்று வைத்து ஒப்பிட்டால் கொஞ்சம் நெருங்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எந்தப் பாத்தியில் விதைப்பது, எந்தப் பாத்தியில் நடுவது என்பதையே குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் செய்வது அதைத்தான். அது சோதனை. நடந்ததைப் போய்க் கேட்டு எழுதுவது கணக்கெடுப்பு.

இவ்வளவும் சொன்னால் பிள்ளைகள் பயந்துபோய், 'எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதிவிடுவார்கள். அதுவும் தவறான முடிவுதான். அவர்கள் கையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதைத் தலைப்பில் போடாமல் 53-ஐப் போட்டார்கள். தலைமடையில் 20-க்கு 4, நடுவில் 20-க்கு 10, கடைமடையில் 20-க்கு 18. ஊருக்கு 20 வீடு என்பது சிறிய கூறுதான், 20 புள்ளி வரை ஆடும். ஆனால் 20 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் உள்ள தூரத்தை அந்த ஆட்டத்தால் கடக்க முடியாது. ஒரே வாய்க்காலில், ஓர் ஊராட்சிக்குள்ளேயே, விதைக்கும் முறை இவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

சார்ட்டின் அடியில் இப்படி எழுதலாம்: "இந்த ஊராட்சியில் பயிர் செய்யும் 500 வீடுகளில் ஏறத்தாழ 36 சதவீதம் இந்தச் சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்ய நினைக்கின்றன, 24-க்கும் 48-க்கும் இடையில் இருக்கக்கூடும். தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகப் போக இது தெளிவாகக் கூடுகிறது. வீடுகள் கிராமவாரியாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. பூட்டியிருந்த வீடுகளுக்கு மாலையில் மறுபடி போனோம். காரணம் கேட்கப்படவில்லை." கடைசி இரண்டு வாக்கியங்களுக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். இப்போதைய வினாத்தாள் அமைப்பில் அதற்கு இடமில்லை என்றாலும், அகமதிப்பீடு ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

மாறியதா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அடுத்த ஆடியில் அதே கேள்வியை அதே சொற்களில், அதே முறையில் குலுக்கிய வீடுகளில் கேட்க வேண்டும். அப்போது கூடவே ஒரு தேதியையும் குறித்துக்கொண்டு வரட்டும். மேட்டூரில் மதகு தூக்கிய தேதி நாளிதழில் வந்துவிடும். வேண்டியது, ஒவ்வொரு வீட்டுக்காரரின் வயல் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த தேதி.